ஆதிகேசவன் கேட்ட கேள்வி

15 அக்டோபர் 2023, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹெலன் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையில் நான் சுகம். உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நான் ஜெர்மனிக்கு வந்து இரண்டு வாரமாகிறது. சின்ன ஊர். ஆற்றங்கரையில் பல்கலைக்கழகம், நான்காவது மாடியில் எனக்கு ஒரு அறை, ஆறு பேருக்கு ஒரு சமையலறை. கழிவுநீர் சுத்திகரிப்புப் படிப்பில் நாங்கள் பதினெட்டுப் பேர். எல்லாரும் தங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறார், அண்ணன் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர் என்றேன். பொய் இல்லைதானே?

கிளம்புவதற்கு முன்னால் வேலூர் ஜெயிலுக்கு வந்து உன்னை மனு போட்டுப் பார்த்தேனே, அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் தினமும் நினைக்கிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீ ஒன்றைத்தான் சொன்னாய். “நீ கெளம்பு. எதையும் பேசாத. கெளம்பு.” சுற்றிலும் இருபது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சொல்ல வந்தது உன் காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருந்தாயா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் தினமும் போனில் பேசுகிறேன். உன்னிடம் பேச வழியில்லை. அதனால் கடிதம் எழுதப் பழகிக்கொள்கிறேன். பதில் போடு.

உன் நினைவாகவே இருக்கும் தங்கை,
ஹெலன்

*

6 நவம்பர் 2023
மத்திய சிறை, வேலூர்

பாப்பாவுக்கு,

சாமுவேல் எழுதுவது. நான் சுகம். வயிறு பரவாயில்லை. நீ குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போ. உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வலி உண்டு.

உன் கடிதம் பத்தொன்பதாவது நாள் கைக்கு வந்தது. இங்கே எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டு, மேலே சீல் குத்தித்தான் கொடுப்பார்கள். நான் எழுதுவதும் அப்படித்தான் வெளியே போகும். அதனால் கிளாஸ், சாப்பாடு, கோயில் என்று இதையெல்லாம் எழுது. அது போதும்.

கேஸ் அப்படியே இருக்கிறது. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, கழிவுச் சேறு தேங்கும் ஸ்லட்ஜ் தொட்டியைச் சுத்தம் செய்ய இரண்டு பேரை நான் கவனக்குறைவாக இறக்கிவிட்டேன், விஷவாயுவில் இரண்டு பேரும் செத்தார்கள் என்று போலீஸ் சொல்கிறது. கம்பெனி சொல்வது வேறு. ஆதிகேசவன் குடித்துவிட்டுத் தானாகவே இறங்கிவிட்டானாம், அவன் மச்சான் பாரதி காப்பாற்றக் குதித்தானாம், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லையாம். நான் எதற்கும் வாய் திறக்கவில்லை.

மேனேஜர் கோதண்டபாணி சார் வந்து பார்த்தார். பிஸ்கட்டும் பழமும் கொண்டுவந்தார். உன்னைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். “தங்கச்சி நல்லபடியா சேர்ந்துட்டாளா? படிப்பு முக்கியம்பா. அதுக்கு ஒரு கொறையும் வரக்கூடாது” என்றார். இரண்டு தடவை சொன்னார்.

இங்கே கிழமை தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு போதகர் வந்து ஜெபம் செய்வார். அதை வைத்துத்தான் ஒரு வாரம் போனது என்று கணக்கு. ஆகவே நீ ஒரு முழு வாரத்தை எழுதி அனுப்பு. திங்கள் என்ன, செவ்வாய் என்ன என்று ஒன்று விடாமல் எழுது. நான் இங்கே உட்கார்ந்து தினம் ஒரு நாளாகப் படிப்பேன்.

அண்ணன்,
சாமுவேல்

*

26 நவம்பர் 2023, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறாயா? எனக்குக் கொஞ்சம் இருமல். வேறொன்றும் இல்லை. நீ கேட்ட வாரம் இதோ.

திங்கள். காலை எட்டேகால் மணிக்கு வகுப்பு. இருட்டிலேயே கிளம்ப வேண்டும். மதியம் கேன்டீனில் உருளைக்கிழங்கும் ஏதோ ஒரு வெள்ளைக் குழம்பும். நாலரைக்கெல்லாம் மறுபடி இருட்டு. நம் லுத்தரன் சபைக் கோயிலை இங்கே ஞாயிறு தவிர மற்ற நாளில் பூட்டி வைக்கிறார்கள். கத்தோலிக்கக் கோயில் திறந்திருந்தது. உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். குளிருக்குப் பெஞ்சில் கம்பளி மடித்து வைத்திருக்கிறார்கள். அதை முழங்காலில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய். நாள் முழுக்க லேப். ஊர்ச் சாக்கடையின் ஸ்லட்ஜைக் குடுவையில் எடுத்து அளந்தோம். மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அது நம் தெரு வாசனை மாதிரிதான் இருந்தது.

புதன். காலையில் ஜெர்மன் வகுப்பு. இறந்த காலம் நடத்தினார்கள். போன மாதம் நீ செய்ததைப் பத்து வாக்கியத்தில் எழுது என்றார் டீச்சர். நான் பல் தேய்த்தேன், பால் வாங்கினேன் என்று எழுதினேன். அன்று இங்கே மனந்திரும்புதலின் நாளாம், வருஷத்துக்கு ஒருமுறை. மாலையில் நம் சபைக் கோயிலைத் திறந்தார்கள். மொத்தம் பதினோரு பேர். எல்லாரும் கிழவர்கள். பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். திருவிருந்தின் அப்பம் கொடுக்கும் முன்னால் நான் எழுந்து வந்துவிட்டேன். போதகரம்மா வாசல்வரை பின்னால் வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

வியாழன். அன்று பாதுகாப்பு பற்றிய வகுப்பு. பேராசிரியர் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைப் பற்றி நடத்தினார். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமாம். அளவு ஏறினால் மூக்கு மரத்துவிடுமாம். “வாசனை இல்லை என்று ஒருவன் சொன்னால் காற்று நல்லதாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, அவனுக்கு இன்னும் இரண்டு மூச்சுதான் மிச்சம் என்று அர்த்தம்” என்றார். நான் வெளியே போய்க் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி வகுப்புக்குப் போகவில்லை. கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனேன்.

வெள்ளி. ரிப்போர்ட் எழுதினேன். மாலையில் மறுபடி அதே கோயில். கதவு சாத்த வந்தவர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு தலையசைத்தார்.

சனி. துணி துவைத்தேன். அரிசி வாங்கினேன். அம்மாவிடம் பேசினேன்.

ஞாயிறு, அதாவது இன்று. இங்கே மரித்தோர் ஞாயிறு. அந்த வருஷத்தில் சபையில் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வேறு பெயர் இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். நான் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தேன். போதகரம்மாவுக்கு அதை வாசிக்க வரவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, “நீங்களே சொல்லுங்கள்” என்று என்னை எழுப்பினார். நின்று சொன்னேன். ஆதிகேசவன். பாரதி. உறவா என்று கேட்டார்கள். ஊர்க்காரர்கள் என்றேன்.

இதுதான் என் வாரம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள தங்கை,
ஹெலன்

*

22 டிசம்பர் 2023
வேலூர்

பாப்பாவுக்கு,

நான் சுகம். இருமலுக்கு மிளகு தட்டிப் போட்டுக் குடி. அங்கே மிளகு கிடைக்காமல் இருக்காது.

உன் வாரத்தைத் தினம் ஒரு நாளாகத்தான் படிக்க நினைத்தேன். முடியவில்லை. ஒரே மூச்சில் படித்துவிட்டேன். ஏழு நாளில் ஐந்து நாள் கோயிலுக்குப் போயிருக்கிறாய். ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமைகூட இரண்டாவது பாட்டு முடியும்போதுதான் உள்ளே நுழைவாய். அம்மா திட்டுவாள். இப்போது இன்னா ஆச்சு உனக்கு? அந்தப் பேர்களை அங்கே போய் எதற்குச் சொல்ல வேண்டும்? உன் வேலை படிப்பது. படி.

போலீஸ் குற்றப்பத்திரிகை கொடுத்துவிட்டது. அதில் கேஸ் மீட்டர் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன்னால் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு விஷவாயு இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தச் சின்ன மெஷின். கம்பெனி அதை வாங்கிக் கொடுத்ததற்கு ரிஜிஸ்டரில் என் கையெழுத்து இருக்கிறது. மெஷின் எங்கே என்று கேட்கிறார்கள். நான் தொலைத்துவிட்டேன் என்று சொன்னேன். போலீசிடம் சொன்னேன். இலவசச் சட்ட உதவியில் வந்திருக்கும் வக்கீலம்மா ரஃபத் ஜஹானிடமும் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். பாலாற்றுப் பாலத்தில் வண்டியில் வரும்போது விழுந்துவிட்டது. தொலைத்தது நான்தான். புரிகிறதா?

ஜாமீன் இரண்டாவது தடவையும் தள்ளுபடி. அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

கிறிஸ்துமஸுக்கு இங்கே கேக் கொடுப்பார்களாம். நீ அங்கே நல்ல துணி போட்டுக்கொள்.

அண்ணன்,
சாமுவேல்

*

18 பிப்ரவரி 2024
வேலூர்

பாப்பாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பரீட்சையா? உடம்புக்கு ஏதாவதா? அம்மாவிடமும் போனில் “ம், ம்” என்றுதான் பேசுகிறாயாம். போன வாரம் மனு பார்க்க வந்து அழுதாள். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். எனக்காக நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயம். யாரிடமும் சொல்ல முடியாமல் உனக்கு எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு மனு என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் முனியம்மா. ஆதிகேசவன் பெண்சாதி. பாரதிக்கு அக்கா. ஒரே நாளில் புருஷனையும் தம்பியையும் இழந்தவள் முன்னால் எப்படி நிற்பது? திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். அன்னிக்கி அவன் குடிச்சிருந்தானா?”

சத்தத்தில் கேட்காத மாதிரி நான் காதைக் கம்பியோடு வைத்தேன்.

“கம்பெனில அப்டித்தான் சொல்றாங்க. டாக்டர் ரிப்போர்ட்டு இன்னும் வரலியாம். கணியம்பாடில எங்கம்மா என்னை ஊட்டுக்குள்ளயே சேக்கல. ‘உன் புருசன் குடிச்சிட்டு எறங்கி, எம் புள்ளையையும் இழுத்துனு போய்ட்டான்’னு வாசல்லியே நிக்க வெச்சா. நானும் அவனத்தான் தெனம் திட்டிக்கினு கெடக்கேன். சொல்லு சார். குடிச்சிருந்தானா?”

நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் கைதட்டினார். அவள் போகவில்லை. நான்தான் முதலில் திரும்பி நடந்தேன்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நீ உன் படிப்பைப் பற்றி ஏதாவது எழுது.

அண்ணன்,
சாமுவேல்

*

12 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் ஜெயில் அதிகாரி படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். அதற்காகத்தான் தெளிவாக எழுதுகிறேன்.

கேஸ் மீட்டரை என் அண்ணன் தொலைக்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது.

போன ஆகஸ்ட் இருபத்துமூன்றாம் தேதி நான் டேனரிக்கு வந்தேன். வேலூர்க் கல்லூரி லேபில் நான் பார்த்த வேலையின் கடைசி ரிப்போர்ட்டுக்கு அளவுகள் தேவைப்பட்டன. லேப் மீட்டர் ரிப்பேர். உங்கள் கம்பெனி மீட்டரை நான்கு நாளைக்குக் கேட்டேன். கோதண்டபாணி சார் முன்னால்தான் கேட்டேன். “எடுத்துட்டுப் போம்மா, இங்க அது ஷெல்ஃபுலதான தூங்குது” என்றார். நீ ரிஜிஸ்டரில் உன் பேரில் கையெழுத்துப் போட்டு எடுத்துக் கொடுத்தாய். நான்கு நாளில் என் வேலை முடிந்துவிட்டது. அதே வாரம் விசா வந்தது. சென்னைக்கு அலைந்தேன், ஸ்வெட்டர் வாங்கினேன், சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போனேன். மீட்டர் என் கட்டிலுக்கு அடியில் மஞ்சள் பெட்டியில் கிடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் அங்கேதான் கிடந்தது. தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டு எழுந்தபோது என் கால் அந்தப் பெட்டியில் இடித்தது.

போலீஸ் வீட்டைச் சோதனை போடும் என்று பயந்து அதைச் சூட்கேஸில் துணிக்கு நடுவில் வைத்து இங்கே கொண்டுவந்துவிட்டேன். இப்போது இந்த அறையில் அலமாரிக்குள் இருக்கிறது. ஐந்து நாள் ஏன் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்டாயே. இந்த அறையில் அதோடு உட்கார முடியவில்லை. அவ்வளவுதான்.

போன வாரம் போதகரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடவுள் மன்னிப்பார் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் “அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

வக்கீலம்மாவுக்கும் இதையே எழுதப் போகிறேன். என் பேர் வரட்டும். கூப்பிட்டால் வந்து சாட்சி சொல்கிறேன். அந்த மீட்டர் உன் கையில் இருந்திருந்தால் இரண்டு பேரும் இன்று இருந்திருப்பார்கள். நீயும் வெளியே இருந்திருப்பாய். இதை இனிமேலும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

உன் தங்கை,
ஹெலன்

*

3 ஏப்ரல் 2024
வேலூர்

ஹெலன்,

உன் கடிதத்தை ஜெயில் நல அலுவலரே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். “படிச்சிட்டேன்பா. உன் வக்கீல் கிட்ட பேசு” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சுகமா என்று கேட்காதே. முதல் நாள் உன்மேல் வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன். ஏழு மாதம் நான் எதற்காக வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்? கோதண்டபாணி இங்கே வந்து என்ன சொன்னார் என்று நினைக்கிறாய்? “நீ ஒழுங்கா இருந்தா உன் தங்கச்சி பேரு வெளிய வராது. மெசின் யார் கிட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.” இதுதான் அந்த நலம் விசாரிப்பு. ஆதிகேசவன் குடித்திருந்தான் என்று அவர்கள் சொன்னபோது நான் இல்லையென்று சொல்லாததற்கும் காரணம் இதுதான்.

இப்போது நீயே சொல்லிவிட்டாய். சரி. நானும் சொல்கிறேன். நீ நினைப்பது தப்பு.

அன்று காலை பதினோரு மணி. மறுநாள் லாரி வருகிறது, தொட்டியைக் காலி செய் என்று மேலேயிருந்து போன். ஆதிகேசவனைக் கூப்பிட்டேன். அவன் குடிக்கவில்லை. வெற்றிலை போட்டிருந்தான், அவ்வளவுதான். மூடியைத் திறந்தோம். எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

“சார், மெசின் உட்டுப் பாக்கலியா?”

“இன்னா ஆதி, புதுசா கேக்குற?”

“இல்ல சார், ரெண்டு நாளா மூடியே கெடந்திச்சி. ஒரு மாரி இருக்குது.”

“வாசனையே இல்லியே. பத்து நிமிசம் வேல. எறங்கு.”

இறங்கினான். நாலாவது படியில் கை விட்டுவிட்டது. பாரதி வாளியைப் போட்டுவிட்டு “மாமா!” என்று கத்திக்கொண்டு குதித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். காலர் கிழிந்து கையோடு வந்துவிட்டது. நான் குதிக்கவில்லை. மேலேயே நின்றேன்.

மெஷின் உன்னிடம் இருந்தது என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை, ஹெலன். ஏனென்றால் அதை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. ஷெல்ஃபில் இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அவன் கேட்டான், நான் இறங்கச் சொன்னேன். இதில் நீ எங்கே வருகிறாய்? அந்தப் பெட்டியை ஆற்றில் போட்டுவிட்டுப் படிப்பைப் பார்.

சாமுவேல்

*

28 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. இப்போது பரவாயில்லை. நீ சாப்பிடுகிறாயா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னை நம்பவில்லை. என்னைத் தேற்றத்தான் ‘இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்’ என்று எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். சின்ன வயதில் நான் உடைத்த தட்டையெல்லாம் நீ உடைத்ததாகச் சொல்லி அப்பாவிடம் அடி வாங்கியவன் நீ.

அதனால் மீட்டரை லேபுக்கு எடுத்துப் போனேன். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மாதிரி மெஷின் எந்த நாளில், எத்தனை மணிக்கு ஆன் செய்யப்பட்டது என்பதைத் தனக்குள் பதிந்து வைத்திருக்குமாம். அவரே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு தாள்.

வாங்கிய இரண்டு வருஷத்தில், நான் எடுத்துப் போவதற்கு முன்னால், அது மூன்று நாள்தான் ஆன் செய்யப்பட்டிருக்கிறது. 2021 நவம்பர் 16. 2022 ஜூன் 7. 2023 பிப்ரவரி 21. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம்கூட இல்லை. முதல் தேதி எனக்கு ஞாபகமில்லை. மற்ற இரண்டும் தெரியும். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்த நாள்கள். நீ புது ஷூ போட்டுக்கொண்டு போனாய். பிப்ரவரியில் ஆடிட் முடிந்து எல்லாருக்கும் பிரியாணி கொடுத்தார்கள் என்று வீட்டுக்கும் கொண்டுவந்தாய். நானும் சாப்பிட்டேன்.

இந்த இரண்டு வருஷத்தில் தொட்டிக்குள் எத்தனை தடவை ஆள் இறங்கினார்கள், அண்ணா?

நீ சொன்னது உண்மை. இந்தத் தாள் என்னை விடுவிக்கிறது என்று பேராசிரியர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் திருப்பிக் கொடுத்திருந்தால், அவன் கேட்ட அந்த நேரத்தில் ஷெல்ஃபில் அது உன் கண்ணில் பட்டிருக்கலாம். பட்டிருக்காமலும் போயிருக்கலாம். அது எந்தத் தாளிலும் வராது.

ஆனால் இதைக் கோர்ட்டில் கொடுத்தால் கம்பெனி மாட்டும். கோதண்டபாணி சார் மாட்டுவார். நீயும் தப்ப மாட்டாய். வக்கீலம்மாவிடம் போனில் கேட்டேன். “உங்க அண்ணனுக்கு இது ரொம்ப பாதகம்மா. மறைச்சா அவரு வெளிய வர சான்ஸ் ஜாஸ்தி. எதுன்னு நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும்” என்றார்.

நீ சொல். உன் வார்த்தை வராமல் அனுப்ப மாட்டேன்.

உன் தங்கை,
ஹெலன்

*

16 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மா மூலமாகத்தான் தெரிகிறது. மனுவுக்கு வந்த அம்மாவைப் பார்க்கவே நீ இரண்டு தடவை வெளியே வரவில்லையாம். ஏழு வாரமாகிறது. பதில் இல்லை.

இன்று கோயிலில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் வார்த்தை வராமல் அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அது தப்பு. நான் செய்ய வேண்டியதை உன் தலையில் கட்டினேன். அந்தத் தாளையும் மீட்டரையும் என் வாக்குமூலத்தையும் நாளை காலை வக்கீலம்மாவுக்கு அனுப்புகிறேன். கோர்ட் தேதி கிடைத்தால் செப்டம்பரில் வருகிறேன். இந்தப் படிப்பு தொடருமா என்று தெரியவில்லை.

என் அண்ணனுக்கு எதிராக நான் இதைச் செய்கிறேன். தெரிந்துதான் செய்கிறேன். நீ என்னோடு இனிமேல் பேசாமல் போனாலும் உனக்காக ஜெபிப்பதை நிறுத்த மாட்டேன்.

ஹெலன்

*

9 ஜூலை 2024
வேலூர்

பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. வயிற்று வலிக்கு ஜெயில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். இப்போது கஞ்சி குடிக்கிறேன். அம்மாவைப் பார்த்துவிட்டேன். உன் காது, இருமல் எல்லாம் எப்படி?

ரஃபத் ஜஹான் அம்மா நீ அனுப்பியது எல்லாம் வந்துவிட்டது என்றார். கோதண்டபாணியை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஜாமீன் மனுவைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் போட்டாலும் கிடைக்காது. உன்மேல் கோபம் இல்லை. ஏழு வாரமாக நான் எழுதாதது கோபத்தால் இல்லை. ‘அனுப்பாதே’ என்று எழுத ஆறு தடவை உட்கார்ந்தேன். ஆறு தடவையும் எழுதினேன். அதை வெளியே அனுப்பத்தான் கை வரவில்லை. நான் அவ்வளவு நல்லவன் இல்லை என்பது உனக்குத் தெரியட்டும்.

போன வெள்ளிக்கிழமை முனியம்மாவுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். வருவாள் என்று நினைக்கவில்லை. ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் நேராகச் சொன்னேன்.

“ஆதி குடிக்கல.”

அவள் கம்பிக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

“மெசின் உட்டுப் பாக்கலியான்னு கேட்டான். நான்தான் எறங்கச் சொன்னேன்.”

“கேட்டானா?”

“கேட்டான்.”

“பயந்தானா சார்?”

“பயந்தான்.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் யாரோ குழந்தையைத் தூக்கிக் காட்டி ‘அப்பா பாரு, அப்பா பாரு’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையை எடுத்துவிட்டுப் பேசினாள்.

“வருசம் திரும்பப் போவுது. இது வரிக்கும் அவனுக்கு ஒரு வாய் சோறு படைக்கல சார் நானு. எந்தம்பிய கொன்னவன்னு அவனத் திட்டாத நாளில்ல. ஏன் சார், மொதல்லியே இத நீ சொல்லியிருக்கக் கூடாதா?”

தங்கச்சிக்காக என்று சொல்ல வாய் வந்தது. அவள் தம்பியைப் பறிகொடுத்தவள். சொல்லவில்லை.

“கணியம்பாடிக்கு வந்து எங்கம்மா கிட்ட இத சொல்றியா?”

“நான் உள்ள இருக்கேனேம்மா.”

“அப்ப எழுதிக் குடு. நான் சொன்னா நம்பமாட்டா.”

வார்டரிடம் கேட்டேன். அவர் நல அலுவலரைக் கூட்டி வந்தார். ஒரு தாள் கொடுத்தார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துப் பார்த்துச் சீல் வைத்து அவளிடம் கொடுத்தார். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அங்கேயே நின்று விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். என்னைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, கணியம்பாடி பஸ் எங்கே நிற்கும் என்று வார்டரிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் எழுதியது இதுதான். உனக்கும் தெரிய வேண்டும் என்று அப்படியே எழுதுகிறேன்.

‘ஆதிகேசவன் குடிக்கவில்லை. இறங்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்டான். நான் இறங்கச் சொன்னேன். பாரதி அவனைத் தூக்கப் போனான். இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை.’

நீ செப்டம்பரில் வா. கோர்ட்டில் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். என்னைப் பார்த்துக்கொண்டு சொல்லாதே, அழுதுவிடுவாய்.

அண்ணன்,
சாமுவேல்